டோக்கியோவில் ஓர் இரவு விருந்து



ஜப்பானின் தலைநகரான டோக்கியோவில் மாலை மயங்கியபின் ஏதேனும் ஒரு ரயில் நிலையத்தை விட்டு வெளியே வாருங்கள். சந்துகளில் கடைக்குக் கடை சிவப்புக் காகித விளக்குகள் தொங்குவதைக் காண்பீர்கள். அவற்றுள் பெரும்பாலானவை 'இஸகாயா' எனப்படும் உணவகங்கள். 'சகாயா' என்றால் மதுக்கடை. 'இ' என்பது அமர்ந்திருத்தலைக் குறிக்கும். எதோ காலத்தில் (1603–1868) மது வாங்க வந்தோர் கடையிலேயே அமர்ந்து அருந்தத் தொடங்கியதில் பிறந்தது இவ்வழக்கம்.

இன்றைய இஸகாயாக்கள் பலவற்றில் உணவைத் தொடுதிரையில் தேர்ந்தெடுக்கலாம். அமர்ந்ததும் கை துடைக்க ஈரத்துண்டு வரும். கேளாமலேயே சிறு கிண்ணத்தில் ஏதேனும் ஒரு தொடுகறி வரும்; அதற்கும் விலை உண்டு. பின்னர் கோழி, மீன், அவித்த பச்சை சோயா அவரை எனச் சிறுசிறு தட்டுகளாக வரவழைத்து அனைவரும் பகிர்ந்துண்பர். அலுவலகத்தில் வாய் திறவாத ஊழியரும் மேலதிகாரியிடம் மனம் விட்டுப் பேசும் இடம் இதுவே.

என் சகோதரியின் மகன் அந்நகரில் பொறியாளராகப் பணிபுரிகிறார். நான்கு ஆண்டுகளுக்கு முன் தொலைபேசியில், "மாமா, அலுவலகத்தார் இஸகாயாவுக்கு அழைக்கிறார்கள். நான் குடிக்கப் போவதில்லை. உடன் சென்று அமரலாமா?" என்று கேட்டார். மது பரிமாறப்படும் விரிப்பில் அமர்வதையே நம் மார்க்கம் தடுத்திருக்கிறது. ஆகவே, "போகாதே" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன்.

சென்ற ஆண்டின் இறுதியில் அவரைக் காணச் சென்றேன். யோயோகி உஎஹாராவில் உள்ள பள்ளிவாசலில் இருவரும் அஸர் தொழுதோம். அங்கு குடியேறிய தாத்தாரிய முஸ்லிம்களின் முயற்சியால் 1938இல் திறக்கப்பட்ட பள்ளி அது. பழுதடைந்த கட்டடம் 1986இல் இடிக்கப்பட்டு, துருக்கியின் உதவியுடன் 2000இல் இன்றைய எழிலுடன் எழுந்தது. அதன் முற்றத்தில்தான் மருமகன் தம் மனச்சுமையை இறக்கி வைத்தார். ஒவ்வோர் அழைப்பின்போதும் தலைவலி என்றும், வேறு வேலை என்றும் சாக்குச் சொல்லித் தப்பி வந்திருக்கிறார். உண்மைக் காரணத்தை ஒருநாளும் சொன்னதில்லை.

ஹராமைத் தவிர்க்க நான் கற்றுக்கொடுத்தேன். பொய்யைத் தவிர்க்கும் வழியைக் கற்றுக்கொடுக்கவில்லையே என்று வெட்கினேன். "நாளைக்கே உண்மையைச் சொல்லிவிடு" என்றேன்.

அவ்வாறே சொன்னார். மேலதிகாரி கோபம் கொள்ளவில்லை, குறிப்பேட்டை எடுத்தார். மதுவும் பன்றியும் மட்டுமல்ல, நம் முறைப்படி அறுக்கப்படாத இறைச்சியும் ஆகாது என்பதை எழுதிக்கொண்டார். கோழிக்குத் தடவும் இனிப்புக் குழம்பில் 'மிரின்' எனும் அரிசி மது சேர்வதுண்டு. அதில் ஏறத்தாழ 14 விழுக்காடு சாராயச் சத்து உண்டு. அதையும் குறித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் எங்கள் இருவரையும் ஷின்ஜுகு அருகே ஒரு கடைக்கு அழைத்துச் சென்றார். வாசலில் அதே சிவப்பு விளக்கு. உள்ளே ஹலால் இறைச்சி, மது அறவே இல்லை. இவ்வாறான கடைகள் இப்போது அங்கு உள்ளன. எனினும் ஹலால் எனப் பலகை வைத்துவிட்டு மதுவும் விற்கும் கடைகளும் உண்டு. செல்வோர் விசாரித்தே நுழைய வேண்டும். அலுவலகத்தார் அறுவரும் ஊலாங் தேநீர்க் குவளைகளை உயர்த்தி எங்களை வரவேற்றனர். உப்பிட்டுச் சுட்ட கோழியை பிஸ்மில்லாஹ் கூறி உண்டேன்.

அப்போது அந்த அதிகாரி கூறியதை மருமகன் எனக்கு மொழிபெயர்த்தார்: "இவர் எங்களை வெறுக்கிறார் என்றே நான்காண்டுகளாக எண்ணியிருந்தோம்." கையிலிருந்த உணவு வாய்க்குச் செல்லவில்லை. நான் சொன்ன ஒரு சொல்லின் விலை அது.

பெற்றோர்களே! பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது எது ஹராம் என்று சொல்லி அனுப்புகிறீர்கள். அதை விட்டு விலகும் காரணத்தை இன்முகத்துடன் எடுத்துரைக்கவும் பழக்கி அனுப்புங்கள். அன்றிரவு அந்த அதிகாரி என்னிடம் தொழுகை நேரங்களைப் பற்றிக் கேட்டார். நான்காண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.