கோதாவரிக் கரையின் கோரைப்பல்லன்

தொல்விலங்குகளின் எலும்பு எங்கே கிடைக்கும் என்று நம் கீரப்பாளையத்துப் பிள்ளைகள் கேட்டால், வடக்கு நோக்கியே கைகாட்ட வேண்டியுள்ளது. இங்கே கிணறு வெட்டினால் வண்டலும் மணலுமே காணலாம். நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிகூட, நாம் கூறவிருக்கும் விலங்கின் காலத்தோடு ஒப்பிட்டால் நேற்றைய சரக்கே.

தெலங்கானாவில், பழைய ஆதிலாபாத் மாவட்டத்தைச் சேர்ந்தது குண்டாரம் என்னும் சிற்றூர். அங்குள்ள செந்நிறப் பாறைகளில் பெர்மியன் காலத்து விலங்கெலும்புகள் உண்டென்று, 1972இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தைச் சேர்ந்த டி. எஸ். குட்டி 'நேச்சர்' இதழில் அறிவித்தார். புள்ளியியலாருக்கு எலும்போடு என்ன வேலை என்று வினவலாம். மகலனோபிஸ் தம் கழகத்தில் 1950களிலேயே நிலவியலுக்கும் இடமளித்திருந்தார்.

அங்கே மிகுதியாய்க் கிடைத்தது எண்டோதியோடான் என்னும் தாவர உண்ணி. அதே விலங்கு ஆப்பிரிக்காவிலும் பிரேசிலிலும் கிடைத்துள்ளது. அந்நாளில் இந்நிலங்கள் யாவும் ஒன்றாய்ப் பொருந்தியிருந்தன. இத்தகைய தாவர உண்ணிகளை வேட்டையாடும் இனம் ஒன்றின் எச்சமும் குண்டாரத்தில் அகப்பட்டது. அவ்வினத்துக்குக் கோர்கோனாப்சியன் என்று பெயர். ரஷ்யாவில் கண்டெடுக்கப்பட்ட அதன் உறவினம் ஏறத்தாழ 3 மீட்டர் நீளமுடையது. நம் நாட்டதோ நடுத்தர உடலினது. மேல்தாடையில் வாள்போன்ற இரு கோரைப்பற்கள். பார்வைக்குப் பல்லியை ஒத்திருப்பினும் அது பல்லியுமன்று, டைனோசருமன்று. பாலூட்டிகளின் முன்னோர்க்குப் பங்காளி. டைனோசரை அறியாத பிள்ளையில்லை; இதனை அறிந்தவரோ அரியர். பாடநூல்கள் இதற்கு ஒரு பத்தியேனும் ஒதுக்கலாகாதா?

இச்செய்தியால் பிள்ளைகளின் விசுவாசத்துக்கு இடறல் நேருமோ என்று அஞ்சும் பெற்றோர் உளர். மனித உடலின் தோற்றத்தைப் பற்றி அறிஞர் ஆராய்வதைத் திருச்சபை தடுக்கவில்லை என்று பாப்பிறை பன்னிரண்டாம் பத்திநாதர் 1950ஆம் ஆண்டுச் சுற்றுமடலிலேயே எழுதியுள்ளார். ஆகவே வினவும் பிள்ளையை அதட்ட வேண்டுவதில்லை.

ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் சைபீரியாவில் எரிமலைக் குழம்பு பெருக்கெடுத்து, வான்வெளியும் கடலும் நஞ்சாயின. உயிரினங்களில் பெரும்பாலானவை மாண்டன. அக்கால வேட்டை விலங்குகளில் தலைமை பெற்றிருந்த கோரைப்பல்லன் குலமும் அற்றது. வளைகளில் ஒடுங்கிய சிறு பங்காளிகள் சில பிழைத்தன. பாலூட்டிகள் தோன்றியது அவ்வழியிலேதான்.

அவ்விலங்கின் தாடை மூட்டில் இரண்டு எலும்புகள் பொருந்தியிருந்தன. பங்காளிகளின் வழித்தோன்றல்களில் அவை படிப்படியாய்ச் சிறுத்துச் செவிக்குள் புகுந்தன. சுத்தி எலும்பு, பட்டடை எலும்பு என்று மருத்துவர் கூறுபவை அவையே. காலையில் கோவில் மணியோசை நம் செவிக்குள் செல்வது அவற்றின் வழியாகத்தான்.