பனைவிளையில் ஒரு பள்ளிக்கூடம்

நாகர்கோவிலிலிருந்து தக்கலை வழியாக மேற்கே கருங்கல் நோக்கிச் செல்லும் பேருந்தில் அமர்ந்து, வழியிலுள்ள ஊர்ப்பலகைகளைச் சற்று ஊன்றிப் படித்து வருவோர்க்கு ஒன்று புலப்படும். ஊர்ப்பெயர்களுள் பல 'விளை' என்று முடிகின்றன. தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களே பழைய நாஞ்சில் நாடு. அது குளமும் வயலும் நிறைந்த நெல்நாடு. அதற்கு மேற்கே கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் நிலம் மேடும் பள்ளமுமாய் மாறுகிறது. பள்ளத்திற்கு நெல், மேட்டிற்கு விளை என்பது நம் முன்னோர் வகுத்த கணக்கு. வாய்க்கால் நீர் ஏறாத அம்மேட்டு நிலங்களில் பலாவும் கொல்லாமரமும் மரச்சீனியும் நின்றன. அவற்றுக்கெல்லாம் மேலாகப் பனை நின்றது.

இன்று அம்மேடுகளில் பெரும்பகுதியை ரப்பரும் புதிய வீடுகளும் பிடித்துக்கொண்டன. செங்கற்சூளைகளுக்கு விறகாகப் போன பனைகளோ எண்ணிலடங்கா. தமிழக அரசு 1978-ஆம் ஆண்டிலேயே பனையை மாநில மரமாக அறிவித்தது. ஆயினும் மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றி அதனை வெட்டலாகாது என்ற அறிவிப்பு வருவதற்கு 2021 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. எஞ்சி நிற்பவை வேலியோரத்துப் பனைகள். அவற்றுள் பலவற்றில் பல்லாண்டுகளாக எவரும் ஏறியதில்லை என்பதை, சுற்றிலும் தொங்கும் காய்ந்த ஓலைகளே அறிவிக்கும்.

அமெரிக்க நாட்டில் குடியேறியுள்ள நம் பங்குமகன் ஒருவர் சென்ற ஆண்டு விடுமுறைக்கு வந்தபோது, தம் அண்டை வீட்டாரைப் பற்றி வியப்போடு கூறினார். அது எட்டுப் பிள்ளைகள் உள்ள கத்தோலிக்கக் குடும்பமாம். பிள்ளைகள் எவரும் பள்ளிக்குச் செல்வதில்லை, தாயே ஆசிரியை, சமையலறை மேசையே வகுப்பறை. கோடையில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தோட்ட வேலையையும் தச்சு வேலையையும் பாடமாக்கி விடுகிறார்களாம். அந்நாட்டின் ஐம்பது மாநிலங்களிலும் இவ்வழக்கம் 1993-க்குள் சட்டத்தின் ஏற்பைப் பெற்றுவிட்டது. "இப்படியும் ஒரு வீடு உண்டா, சுவாமி?" என்று அவர் கேட்டார். உண்டு என்றேன். அப்படியொரு வீட்டில் கோடைக்காலம் முழுவதும் நான் மாணவனாய் இருந்திருக்கிறேன். அது கருங்கல்லுக்கு அப்பால், ஒரு பனைவிளையின் நடுவே இருந்தது.

அது என் தாய்மாமன் வீடு. பிள்ளைகள் ஒன்பது பேர். 1979, 1980 ஆகிய ஆண்டுகளின் கோடை விடுமுறையில் பத்தாவது பிள்ளையாக என்னை அங்கே விட்டுச் செல்வார்கள். மாமா பனையேறி. தை, மாசியில் தொடங்கும் பனைப்பருவம் பங்குனி, சித்திரையில் உச்சத்தை அடையும். எடவப்பாதி மழை கனத்துப் பெய்யும்போது ஓயும். ஆகவே பள்ளிக்கு விடுமுறை விட்ட நாளும் அவ்வீட்டில் வேலை மிகுந்த நாளும் ஒன்றாகவே இருந்தன.

விடியலுக்கு வெகுமுன்னரே மாமா எழுந்துவிடுவார். இடையில் பாளையருவாளும் சுரைக்குடுக்கையும் தொங்க, மரத்தடியில் நின்று சிலுவை வரைந்துகொண்டு, காலில் தளைநாரை மாட்டி ஏறுவார். ஏறக்குறைய முப்பது பனைகள். ஒவ்வொன்றும் ஐம்பது அறுபது அடி உயரம். பாளையின் நுனியை மெல்லிய சீவலாகச் சீவிவிட வேண்டும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவ வேண்டும். இரவில் சொட்டியதை இறக்க வேண்டும். நண்பகலிலும் மாலையிலும் மீண்டும் ஏற வேண்டும். கோயிலில் திரிகால செபத்திற்கு மணி அடிக்கும் மூன்று வேளையும் மாமா ஏதேனும் ஒரு பனையின் உச்சியில்தான் இருப்பார். மணியோசை கேட்டதும் அங்கே அருவாளின் ஓசை நின்றுவிடும். கீழே நிற்கும் நாங்களும் வாயை மூடிக்கொள்வோம்.

பாளைக்கு ஞாயிறு தெரியாது. ஒருநாள் சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து ஊற்று அடைத்துவிடும். ஆதலால் பெருநாளிலும் மாமா இருட்டோடு ஏறி இறங்கிவிட்டே இரண்டாம் பூசைக்கு வருவார். அதைக் குறை கூறியோரும் அக்காலத்தில் இருந்தனர். ஓய்வுநாளில் கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்காதவர் யார் என்று ஆண்டவர் கேட்டது அவர்கள் நினைவுக்கு வரவில்லை போலும்.

இறக்கிய பதநீரை எங்கள் பக்கத்தில் அக்கானி என்போம். அதனை மூத்த மகனும் இரண்டாவது மகளும் சுமந்து வர, அத்தை அடுப்பு மூட்டுவார். அங்கேதான் வகுப்பு தொடங்கும். சுண்ணாம்பு ஏன்? அது இல்லாவிடில் அக்கானி புளித்துக் கள்ளாகும். மிகுந்தாலோ கருப்பட்டி கெடும். கலயத்தில் விரலால் எவ்வளவு தடவ வேண்டுமென்பதை மூன்றாவது மகன் பத்து வயதிலேயே அறிந்திருந்தான். பிற்காலத்தில் குருமடத்தில் வேதியியல் நூலொன்றில் நொதித்தலைப் பற்றிப் படித்தபோது, எனக்கு அது பழைய பாடமாகவே தோன்றிற்று.

கொதித்துப் பொங்கி வழியப்போகும் நேரத்தில் ஆமணக்கு முத்தை நசுக்கி ஒரு சிட்டிகை போடுவார் அத்தை. பொங்கிய நுரை அடங்கிவிடும். காய்ச்சக் காய்ச்ச நிறம் மாறிக் கூழ்போல் இறுகும். ஒரு சிரட்டைத் தண்ணீரில் அதில் ஒரு துளியை விட்டு, விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். உருண்டையாகத் திரண்டால் பதம். சற்று முந்தினால் கருப்பட்டி கசியும். சற்றுப் பிந்தினால் கருகும். எட்டுப் பத்து லிட்டர் அக்கானி காய்ந்து ஒரு கிலோ கருப்பட்டியாகும். அத்தனை பேருடைய ஒருநாள் உழைப்பும் அந்த ஒரு கணத்தில்தான் அடங்கியிருந்தது. கடிகாரமோ வெப்பமானியோ இல்லாத அடுப்பங்கரையில் அத்தையின் கண்ணும் விரலுமே கருவிகள். பதம் பார்க்கும் உரிமையை அவர் எளிதில் எவருக்கும் கொடுக்கமாட்டார். இரண்டாவது மகளுக்கு அது பதின்மூன்றாம் வயதில் கிடைத்தது. அன்று அவள் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்!

பதம் வந்ததும் எல்லாப் பிள்ளைகளும் ஓடிவருவார்கள். கழுவி வைத்த சிரட்டைகளை வரிசையாக அடுக்குவது சிறியவர்களின் பணி. அவற்றை எண்ணிக் கணக்குச் சொல்வது ஐந்தாவது மகனின் பணி. அவன் பள்ளியில் கணக்கில் பிற்பட்டவன் என்று பெயர் வாங்கியவன். சிரட்டைக் கணக்கில் ஒருநாளும் தவறியதில்லை.

பனைகள் மாமாவுக்குச் சொந்தமல்ல. ஒருநாள் ஊறல் மரத்தின் உடையவருக்கு, மறுநாள் ஊறல் ஏறுபவனுக்கு என்பது ஏற்பாடு. ஆகவே கடைக்குட்டி நாள்தோறும் கண்விழித்ததும் கேட்கும் முதற்கேள்வி, "இன்றைக்கு நம்ம நாளா?" என்பதே. நம்ம நாளென்றால் பாத்திரத்தில் ஒட்டியதைச் சுரண்டித் தின்னலாம். உலகில் உடைமை என்பது எவ்வாறு பங்கிடப்பட்டிருக்கிறது என்னும் பாடம் இதைவிடச் சுருக்கமாக எங்கும் கற்பிக்கப்பட்டதை நான் அறியேன். ஏறும் ஏணிக்கும் காலில் மாட்டும் தளைக்கும்கூட வரி வாங்கிய காலமொன்று திருவிதாங்கூரில் இருந்ததைப் பாட்டி கதைபோலச் சொல்லுவார்.

பாட்டிக்கு எழுத்து வாசனை இல்லை. வெயில் ஏறும் நேரத்தில் பலாமரத்து நிழலில் அமர்ந்து ஓலைப்பெட்டி முடைந்துகொண்டே, பேரப்பிள்ளைகள் அனைவரையும் வட்டமாக அமர்த்தி மந்திரங்களை ஒப்பிக்கச் சொல்வார். புதுநன்மைக்கு ஆயத்தமாகும் பிள்ளைக்குப் பத்துக் கட்டளைகள், மூத்தவர்களுக்குப் பிரகரணங்கள். பெட்டியில் ஓர் இழை தவறினாலும் மந்திரத்தில் ஒரு சொல் தவறினாலும் அவர் கை நின்றுவிடும். "பிரித்து முதலிலிருந்து வா, மக்களே" என்பார். (ஒரே பிள்ளையையும் 'மக்களே' என்று பன்மையில் அழைப்பது எங்கள் நாட்டு வழக்கம், இதைக் கேட்டு வெளியூரார் திகைப்பதுண்டு.) மே மாதம் மாதாவின் வணக்கமாதம் ஆதலால், அந்தியில் மாமா குளத்தில் குளித்து வந்தபின் முற்றத்தில் செபமாலை. நாள்தோறும் மூன்று முறை முப்பது பனை ஏறி இறங்கிய அந்த மனிதர் முழந்தாளில் நின்றுகொண்டே ஐந்தாம் தேவ இரகசியத்தில் தூங்கிவிடுவார். அத்தை அவரை எழுப்புவதில்லை. குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொள்வார், அவ்வளவே.

குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று 1964-இலும், பிள்ளைகளுக்கு முதன்மையான கல்வியாளர் பெற்றோரே என்று 1965-இலும் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ஏடுகள் எடுத்துரைத்தன. அவ்விரண்டையும் குருமடத்தில் படித்துத் தேர்வு எழுதியிருக்கிறேன். அவ்வேடுகளின் பெயரைக்கூட மாமா கேட்டறிந்ததில்லை.

இவ்வளவும் படித்த வாசகர்கள், பாதிரியார் பழங்காலத்தை நினைந்து உருகுகிறார் என்று எண்ணிவிடலாகாது. இதன் மறுபக்கத்தையும் நான் கண்டவன். 1980-ஆம் ஆண்டு சித்திரையில் கோடைமழை ஒன்று பெய்து ஓய்ந்த மாலைப்பொழுதில், அடுத்த விளையில் ஏறிக்கொண்டிருந்த ஒருவர் வழுக்கி விழுந்தார். மழை நனைத்த பனையில் கால் நில்லாது. ஆயினும் மாலைச் சீவலை விட்டால் மறுநாள் ஊறல் இல்லை. ஓலைப்பாயில் கிடத்தி அவரைத் தூக்கிச் சென்றார்கள். வழியிலேயே உயிர் பிரிந்தது. பிள்ளைகள் ஏழு பேர். மூத்த பெண் எட்டாம் வகுப்பு முடித்திருந்தாள். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது அவள் செல்லவில்லை. அதன்பின் எந்த ஜூனிலும் செல்லவில்லை.

அடக்கம் முடிந்த இரவில் மாமா எதுவும் உண்ணவில்லை. தளைநாரை எடுத்து உத்தரத்தில் செருகிவிட்டு, "என் பிள்ளைகளில் எவனும் இனி இதைக் காலில் மாட்டக்கூடாது" என்றார். மூத்தவன் அப்போதே இருபது பனைவரை ஏறப் பழகியிருந்தான். மறுநாள் விடியலில் மாமா மட்டும் தளையை எடுத்துக்கொண்டு தனியாகச் சென்றார். பின்னும் பதினைந்து ஆண்டுகள் அவர் ஏறினார், பிள்ளைகளை ஏறவிடவில்லை. அந்த ஒன்பது பேரில் ஒருவர் ஆசிரியர், ஒருவர் செவிலி, ஒருவர் கன்னியர் மடத்தில்; இருவர் வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பினர்; பிறரும் நன்றாகவே வாழ்கின்றனர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் குமரி மாவட்டம் 91.75 விழுக்காடு எழுத்தறிவு பெற்றுத் தமிழகத்தில் முதலிடத்தில் நின்றது. அந்த எண்ணுக்குப் பின்னே, கருப்பட்டி விற்று நோட்டுப்புத்தகம் வாங்கிய அத்தைமார் எத்தனை பேர் என்பதை எந்தக் கணக்கெடுப்பும் சொல்லாது.

ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைக்குக் கல்வி உரிமை என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஆபத்தில்லாத வீட்டுத்தொழிலில், பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் பிள்ளை பெற்றோருக்கு உதவலாம் என்று 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் இடமளிக்கிறது. பனையேற்றம் ஆபத்தில்லாத தொழிலன்று. ஆகவே எந்தப் பிள்ளையும் மீண்டும் ஏற வேண்டுமென்று நான் விரும்பவில்லை. மாமா உத்தரத்தில் செருகிய தளை அங்கேயே இருக்கட்டும். ஆனால் அடுப்பங்கரையில் கற்றதையும் பலாமரத்து நிழலில் கற்றதையும் நாம் ஏன் அதனோடு சேர்த்து உத்தரத்தில் செருகினோம்? இதற்குத்தான் எனக்கு இன்றுவரை விடை கிடைக்கவில்லை.

இக்காலத்து மே மாதத்தில் பங்கின் வீடுகளைச் சந்திக்கச் செல்கிறேன். வீட்டுக்கு ஒரு பிள்ளை, மிஞ்சினால் இரண்டு. காலையில் ஒரு சிறப்பு வகுப்பு, மாலையில் ஒரு சிறப்பு வகுப்பு. இடைப்பட்ட நேரத்தில் கையில் கைப்பேசி. பின்கட்டில் தாத்தாவோ பாட்டியோ ஓலைவிசிறியும் கையுமாகத் தனியே அமர்ந்திருப்பார். ஆண்பனை எது, பெண்பனை எது என்று பாளையைப் பார்த்துச் சொல்ல அவருக்குத் தெரியும். எந்தக் காற்று மழை கொண்டு வரும், எந்தக் காற்று ஏமாற்றும் என்பதும் தெரியும். கேட்க ஆளில்லை. குருத்தோலை ஞாயிறன்று ஓலையில் சிலுவை பின்னத் தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று இவ்வாண்டு மறைக்கல்வி வகுப்பில் கேட்டேன். நாற்பது பேரில் நான்கு கைகள் உயர்ந்தன. நால்வரும் பாட்டியோடு வாழும் பிள்ளைகள்.

அத்தைக்கு இப்போது வயது எண்பத்து நான்கு. மாமா மறைந்து பல்லாண்டுகளாயின. விளையில் எஞ்சிய பனைகளில் மூன்றுக்கு மட்டும், கூலிக்கு வரும் ஓர் ஏறுநர் பருவத்தில் பாளை சீவிக் கொடுக்கிறார். கடந்த மே மாதம் நான் சென்றிருந்தபோது, குவைத்திலிருந்து விடுமுறைக்கு வந்த பேரன் அடுப்பருகே குந்தியிருந்தான். பன்னிரண்டு வயது. பதம் எத்தனை பாகை வெப்பத்தில் வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தான். அத்தை விடை கூறாமல் சிரட்டைத் தண்ணீரை அவன் பக்கம் நகர்த்தினார். அவன் ஒரு துளியை விட்டு, விரலால் உருட்டப் பார்த்தான். அது கரைந்து ஓடிற்று.

"இல்லை மக்களே, இன்னும் கொஞ்சம். விறகைச் சற்று வெளியே இழு, அடி பிடித்துவிடும்" என்றார்.

அவன் விறகை இழுத்துவிட்டு, அகப்பையை இரு கைகளாலும் பற்றி மறுபடியும் துழாவத் தொடங்கினான்.