டி.என். 63

விடியுமுன் கிளம்பிய வண்டி என்று முன் பம்பரில் ஒட்டிக் காய்ந்த பூச்சிகள் சொல்கின்றன. வெள்ளை எர்டிகா. நம்பர் பிளேட் சிவகங்கை மாவட்டம், பின் கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் 'கற்பக விநாயகர் துணை'. ஆவணி மாதத்துச் சனிக்கிழமை, சாயங்காலம் ஆறு மணி, சென்னை பாண்டி பஜார். கல்யாண ஜவுளிதான், வேறென்ன.

ஓட்டுகிறவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக் கழுத்தை முன்னால் நீட்டியிருக்கிறார். பக்கத்தில் அவருடைய அம்மா. மடியில் மஞ்சப்பை, சீட் பெல்ட் கழுத்தில் உரசாமலிருக்க அதை ஒரு கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டே வருகிறார். பின்னால் மனைவி, மகள், இன்னொரு அம்மாள். மகள் கையில் செல்போன். அதில் ஒரு பெண்குரல் வழி சொல்கிறது. அதைக் கேட்டு மகள் "அப்பா, லெஃப்ட்டு" என்பதற்குள் அந்த லெஃப்ட் பின்னால் போய்விடுகிறது.

வெளியூர்க்காரரை நம்பர் பிளேட் பார்க்காமலே கண்டுபிடிக்கலாம். அவர் இண்டிகேட்டர் போடுவார். போட்டுவிட்டு, பின்னால் வருகிறவர்கள் வழிவிடுவார்கள் என்று காத்திருப்பார். இந்தத் தெருவில் இண்டிகேட்டர் என்பது, இந்த இடம் இன்னும் சற்று நேரத்தில் அடைபடும், அதற்குள் நுழைந்துகொள்ளுங்கள் என்று இருசக்கர வாகனங்களுக்குத் தரும் அழைப்பு. உள்ளூர்க் கார்கள் பக்கக் கண்ணாடிகளை மடித்துக்கொண்டு வருகின்றன. எர்டிகாவின் கண்ணாடிகள் இரண்டும் விரிந்தே இருக்கின்றன. ஒரு பைக்காரர் இடது கண்ணாடியைத் தானே மடித்துவிட்டு, திரும்பியும் பார்க்காமல் போகிறார். பாட்டி அதைக் கையை நீட்டி மறுபடி விரித்துவைக்கிறார்.

போன வண்டி கால் மணி நேரத்தில் திரும்பவும் அதே திசையிலிருந்து வருகிறது. பனகல் பூங்காப் பக்கம் போய்ச் சுற்றியிருக்க வேண்டும். மெட்ரோ வேலைத் தடுப்புகளைத் தாண்டி அங்கே திரும்பி வருவது உள்ளூர்க்காரருக்கே பெரும்பாடு. இந்த முறை பின்சீட்டில் பேச்சில்லை.

1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து மனை பிரித்த பேட்டை இந்தத் தி.நகர். மனைக்கு ஒரு கார், கடைக்கு நூறு கார் என்று அன்றைக்கு யார் கண்டார்கள்! 2019 நவம்பரில் பாண்டி பஜாரின் நடைபாதையை அகலமாக்கி, கல் பாவி, உட்காரப் பலகைகள் போட்டுத் திறந்தார்கள். நல்ல காரியம், குழந்தைகள் ஓடுகிறார்கள், வயதானவர்கள் உட்காருகிறார்கள். நடைபாதை அகலமானதில் சாலை ஒடுங்கியது. அதுவும் சரிதான். ஆனால் ஒடுங்கிய சாலையில் வந்துவிட்ட வெளியூர்க்காரர் வண்டியை எங்கே விடுவார்?

ஒரு வீட்டுக் கேட்டின் முன்னால் இடம் காலியாக இருக்கிறது. எர்டிகா அங்கே ஒதுங்குகிறது. கேட்டில் தகரப் பலகை: 'இங்கே வண்டி நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும்.' காவலாளி பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. ஈ ஓட்டுகிற மாதிரி கையை ஆட்டுகிறார். நாலு வண்டி தள்ளி ஒரு ஸ்விஃப்ட்டின் சக்கரத்தில் போக்குவரத்துப் போலீஸ் பூட்டு போட்டிருக்கிறது. அதன் உரிமையாளர் பூட்டையும் செல்போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முதல் தடவைக்கு 500 ரூபாய். எர்டிகாக்காரர் அந்தப் பூட்டைப் பார்த்த மாத்திரத்தில் ரிவர்ஸ் எடுக்கிறார்.

கடைசியில் ஒரு சந்து, ஒரு காலி மனை, ஒளிரும் ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு பையன். வாயில் விசில்.

"வாங்கண்ணே வாங்க... ரைட்ல ஒடிங்க... ஃபுல்லா ஒடிங்க... நேராக்குங்க... வரலாம் வரலாம்... ஓல்டான்!"

பக்கவாட்டில் ஒரு சாண். பெண்கள் வெளியே வர ஒரு பக்கக் கதவுதான் திறக்கிறது. அவர் ஹேண்ட் பிரேக்கை இழுக்கும் சத்தம் வெளியே கேட்கிறது.

"அண்ணே, பிரேக்கை எடுத்துடுங்க. கியரும் வேணாம். நியூட்ரல்ல விட்டுட்டுப் போங்க."

"வண்டி உருண்டுராது, தம்பி?"

"மெட்ராஸ்ல ஏதுண்ணே சரிவு?"

நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவந்தவர். சாவியைச் சட்டைப்பையில் போட்டு, பையை மேலே தட்டிப் பார்த்துக்கொள்கிறார். பிரேக்கை எடுத்துவிட்டதில் மனசு ஆறவில்லை. சுவரோரம் கிடந்த அரைச் செங்கல்லைத் தேடி எடுத்துப் பின்சக்கரத்துக்கு அடியில் அண்டை கொடுக்கிறார். ரசீது கேட்கிறார். பையன் அடுத்த வண்டிக்கு விசிலடிக்கிறான். நூறு ரூபாய் கைமாறுகிறது.

"ஏப்பா, வண்டியத் தனியா விட்டுட்டா வாரது? நான் வேணா உள்ள இருக்கேன்" என்கிறார் அம்மா.

"நீ வா ஆத்தா. பொண்ணுக்குப் பட்டு நீதானே பாத்து எடுக்கணும்."

அவர்கள் முனை திரும்பியதும் பையன் குனிந்து செங்கல்லை எடுக்கிறான். 'கற்பக விநாயகர் துணை'யின் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்து ஒரு தள்ளு. எர்டிகா சத்தமில்லாமல் ஐந்தடி நகர்கிறது. உள்ளேயிருந்த இன்னோவா வெளியே போகிறது, புதிதாக ஒரு ஐ20 உள்ளே வருகிறது. தள்ளுவதில் அவனுக்கு நல்ல கைவாக்கு. ஒரு கீறல் விழவில்லை. செங்கல் திரும்பவும் சக்கரத்தடிக்கு வந்துவிட்டது.

பாண்டி பஜார் இருக்கும் இதே தியாகராய சாலையில், தணிகாசலம் சாலை முனையில், மாநகராட்சியின் பல அடுக்கு வாகன நிறுத்துமிடம் இருக்கிறது. 200 கார்களுக்கு மேல், 500 இருசக்கர வாகனங்களுக்கு மேல் நிற்கலாம். இதைச் சந்துப் பையன் சொல்லமாட்டான், அவன் பிழைப்பு அது. கேட் காவலாளிக்குச் சொல்லத் தோன்றாது. மாநகராட்சிதான் சொல்ல வேண்டும். எங்கோ ஒரு மூலையில் அல்ல, அண்ணா சாலையிலிருந்து தேனாம்பேட்டையில் திரும்பும் இடத்திலேயே, ஓட்டிக்கொண்டு வருகிறவர் கண்ணில் அறைகிற அளவுக்குப் பெரிய தமிழ் எழுத்தில், இப்போது எத்தனை இடம் காலி என்ற எண்ணோடு சொல்ல வேண்டும்.

காரில் ஜவுளி எடுக்க வருகிற வெளியூர் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. தணிகாசலம் சாலை என்று பெயர் சொல்லிக் கேட்டு வாருங்கள். கூட்டத்தில் நடக்கத் தெம்புள்ளவர்கள் மட்டும் என்றால் வண்டியைத் தாம்பரம் பக்கமே விட்டுவிட்டு மின்சார ரயிலில் மாம்பலத்தில் இறங்கலாம். நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரை 570 மீட்டர் ஆகாய நடைபாதை 2023 மே மாதத்திலிருந்து இருக்கிறது. அப்பத்தாவும் உடன் வருவேன் என்றால், பட்டுப் பைகளோடு திரும்பும்போது லிஃப்ட் எந்தப் பக்கம் என்று முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.