கம்பளைக்கு ஆறு தட்டு

தொழில்நுட்பச் செய்தி எது வந்தாலும் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். பெரும்பாலும் அதைக் கேட்டுத் தொலைக்க வேண்டியவர் கம்பளை டவுனில் போட்டோக்கொப்பியும் டைப்செட்டிங்கும் செய்யும் நானா. 2015 ஜூலையில் கூகுளின் பலூன்கள் வானத்திலிருந்து இலங்கை முழுவதற்கும் இணையம் இறக்கப்போவதாக அரசாங்கம் ஒப்பந்தம் போட்டபோது, "இனிப் புசல்லாவை மலைக்குப் பின்னாலயும் சிக்னல் நாலு கோடு" என்று அவர் கடையில் நின்று அறிவித்தவன் நான். மறு வருடம் பெப்ரவரியில் ஒரு பலூன் வந்ததும் உண்மைதான். 2021 ஜனவரியில் அந்தத் திட்டத்துக்கே மூடுவிழா நடந்தது. நானா அதை மறக்கவில்லை. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இங்கே சேவை தொடங்கிய செய்தியோடு நான் கடைப்படி ஏறியதும், "இது நிக்குமா தம்பி, இல்லாட்டி பலூனா?" என்றார்.

அதனால் செயற்கை நுண்ணறிவு தமிழைக் கரைத்துக் குடித்துவிட்டது என்ற செய்தியை அவரிடம் கொண்டுபோனபோது சற்று அடக்கமாகவே பேசினேன். செயலியிடம் ஒரு வெண்பா கேட்டு வாங்கிக் காட்டினேன். தளை தட்டியது. ஆனாலும் தமிழ்தான். நானா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "அப்ப இதை வாசிக்கச் சொல்லுங்க பார்ப்பம்" என்று ஒரு கோப்பைத் திறந்தார்.

அது 2003இல் அவர் கையாலேயே அடித்த தோட்டத்துக் கோயில் திருவிழா நோட்டீஸ். அன்று காலை அந்தக் கோயில் கமிட்டிப் பொடியன் ஒருவன் வந்திருக்கிறான். பழைய நோட்டீஸின் வாசகத்தை எடுத்து வாட்ஸ்அப்பில் போட வேண்டுமாம். நானா பிரதி எடுத்து ஒட்டியதும் தமிழ் காணாமல் போய் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வந்து விழுந்தன. அதையே நான் செயலிக்கு ஊட்டினேன். சங்கேத மொழி என்று கண்டுபிடித்த மகிழ்ச்சியில், நோட்டீஸில் இல்லாத ஒரு செய்தியைச் சரளமான தமிழில் எழுதித் தந்தது. யாரோ யாரையோ கொழும்பில் சந்திக்கிறார்களாம். தேரும் இல்லை, தீர்த்தமும் இல்லை.

திரையில் முதல் வரியைக் காட்டி, "இது என்ன நானா?" என்றேன். எஃப், கே, அரைப்புள்ளி, ஜி, ஐ, எஸ்.

நானா நிமிரவேயில்லை. "கம்பளை."

கணினியோடு முப்பது வருடம் குடித்தனம் நடத்துகிறவன் நான் (இங்கே பலர் கணனி என்பார்கள், அந்தச் சண்டைக்கு இப்போது நேரமில்லை). பாமினி எழுத்துரு எப்படி வேலை செய்கிறது என்பது தெரியாதவன் அல்ல. கோப்புக்குள் இருப்பது வெறும் ஆங்கில எழுத்து. எஃப் என்ற எழுத்தின் படத்தை அழித்துவிட்டு அந்த இடத்தில் க என்று வரைந்து வைத்திருக்கிறது எழுத்துரு. வேடம் போட்ட ஆள் மாதிரி. பாமினி இல்லாத போனுக்குப் போனதும் வேடம் கலைந்து, ஆள் எஃப் ஆகவே நிற்கிறான். 'அம்மா' என்று எழுதினாலும் உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச்.

எனக்கு உறைத்தது வேறு. க ஏன் எஃப்பில்? மெய்யின் புள்ளி ஏன், ஆங்கிலத்தில் யாரும் அதிகம் தீண்டாத அரைப்புள்ளியில்? இதற்கும் என்னிடம் பல வருட அபிப்பிராயம் ஒன்று தயாராக இருந்தது: பாமினியைச் செய்தவர் கண்ணை மூடிக்கொண்டு எழுத்துகளை அள்ளிப் போட்டிருக்கிறார். பல மேடைகளில் சொன்னதுதான். அன்றும் சொன்னேன்.

"அள்ளிப் போட்டதில்ல தம்பி," என்றார் நானா. "யளனக."

எண்பதுகளில் கண்டியில் தட்டச்சு வகுப்புக்குப் போனவர் அவர். முதல் பாடம் யளனக. இடது கையின் சுண்டுவிரலில் ய, அடுத்து ள, ன, க. விசைப்பலகையைக் குனிந்து பார்த்தேன். ஏ, எஸ், டி, எஃப். பாமினியில் அந்த நான்கும் ய, ள, ன, க. கம்பளையில் கணினி மேசைகள் வருமுன்பே அந்த விரல்களுக்கு இடம் ஒதுக்கியாகிவிட்டது.

அன்றிரவே தேடத் தொடங்கினேன். 2005 முதல் ஈழத்து எழுத்துகளை மின்வடிவமாக்கிச் சேர்த்துவரும் நூலகம் திட்டத்தில் மேய்ந்தேன், பழைய தட்டச்சு விசைப்பலகைப் படங்களைப் போனில் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தேன். ஆனால் படத்தில் பார்ப்பது எனக்குப் போதாது. இயந்திரம் ஒன்றைத் தொட வேண்டும். நானாவே வழி சொன்னார். ஆற்றுக்கு அந்தப் பக்கம், அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஓர் ஐயா வீட்டில் தமிழ் மெஷின் இருக்கிறதாம். பெட்டிசன் எழுதிக் கொடுப்பாராம், இப்போதும்.

ஐயா மேசையிலிருந்து பழைய துவாய் ஒன்றை எடுத்தார். கறுப்பு இரும்பு. நாடா காய்ந்திருந்தது. "கம்பளை என்று அடியுங்கோ ஐயா" என்றேன். முதலில் கையால் ஒரு துண்டில் எழுதிக் காட்டினார். அவர் கையெழுத்தில் ளை இன்னும் தலையில் துதிக்கை வைத்த பழைய ளை. தமிழ்நாட்டில் 1978இல் எம்.ஜி.ஆர். ஆட்சி ஆணை போட்டுக் கழற்றிய துதிக்கை. பிறகு இயந்திரத்துக்குத் திரும்பினார்.

க. வண்டி ஓர் எட்டு நகர்ந்தது. அடுத்து வலது சுண்டுவிரலால் புள்ளி. டக். தாளில் வெறுமையான இடத்தின் மேலே ஒரு பொட்டு விழுந்தது. வண்டி நகரவில்லை. "இது நகராத விசை," என்றார். அதே இடத்தில் ம அடித்தார். பொட்டின் கீழே ம வந்து உட்கார்ந்தது, அதன் பிறகுதான் வண்டி நகர்ந்தது. ப. அடுத்து ை. அதற்கும் பிறகு ள.

எனக்கு முதுகுத்தண்டில் ஏதோ ஓடியது. ஐகாரக் கொம்பு முன்னால், ளகரம் பின்னால். எஃப், கே, அரைப்புள்ளி, ஜி, ஐ, எஸ் என்ற அந்தக் குப்பையில் ஐ முன்னால் நின்றதற்கும் எஸ் பின்னால் நின்றதற்கும் காரணம் இந்த வண்டிதான். இரும்புக்கு ஒலி தெரியாது. இடமிருந்து வலமாகக் கண் எதைக் காண்கிறதோ அதே வரிசையில்தான் அடிக்க முடியும். இந்தச் சொல்லில் மாறியது ஒன்றே ஒன்று: இயந்திரத்தில் புள்ளி முதலில், எழுத்து பிறகு, பாமினியில் எழுத்து முதலில், புள்ளி பிறகு. திரையில் நகராத வண்டி தேவையில்லை. ஆனால் புள்ளி இருந்த இடத்தை யாரும் அசைக்கவில்லை, வலது சுண்டுவிரலின் கீழேயே விட்டுவிட்டார்கள். டி என்ற தமிழ் எழுத்துக்கு இயந்திரத்தில் தனி விசை. டகரத்தோடு இகர விசிறி ஒழுங்காக ஒட்டாது என்பதால் தனி அச்சு. பாமினியிலும் டி தனி விசையில்தான். திரையில் எதை எதோடும் ஒட்டலாம் என்று வந்த காலத்திலும், இரும்பின் இயலாமையைத் தட்டிப் பார்க்காமல் அப்படியே தூக்கி வந்திருக்கிறோம்.

அள்ளிப் போட்டவர் யாருமில்லை என்றால், முதலில் அடுக்கியவர் யார்? தடம் வடக்கே போனது. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்த ஆர். முத்தையா. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனவர். அங்கே அலுவலகங்களில் ஆங்கிலத் தட்டச்சு ஓடுவதைப் பார்த்து, 247 எழுத்தை நாற்பத்துச் சொச்சம் விசைக்குள் எப்படி அடக்குவது என்று மண்டையை உடைத்துக்கொண்டவர். எழுத்தை முழுதாக வைக்காமல் துண்டாக்கியதுதான் அவர் செய்த காரியம்: கொம்பு தனி, கால் தனி, புள்ளியும் விசிறியும் நகராத விசையில். இயந்திரத்தை வார்த்துக் கொடுத்தது ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துச் சைடல் அண்ட் நௌமன் நிறுவனம். அவர்கள் வேறு மொழிகளுக்கும் விற்ற பிஜோ என்ற சின்ன இயந்திரம் தமிழும் பேசியது.

சுண்டிக்குளி, சிங்கப்பூர், டிரெஸ்டன், கம்பளை. புதிய செய்தி என்று நான் ஓடி ஓடிச் சொன்னதெல்லாம் ஒரு பக்கம் இருக்க, நூறு வருடத்துச் செய்தி ஒன்று நானாவின் பத்து விரலில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறது. ஆங்கிலக்காரனும் இதற்கு விலக்கில்லை, 1870களில் ரெமிங்டன் இயந்திரத்தோடு வந்த வரிசையைத்தான் இன்றும் கண்ணாடித் திரையில் கட்டைவிரலால் தேய்க்கிறான். சிங்களத்தில் விஜேசேகர விசைப்பலகையும் தட்டச்சு வழி வந்ததுதான். நானாவின் கணினியில் பாமினிக்குப் பக்கத்திலேயே சிங்களத்தின் எஃப்எம் அபய எழுத்துரு இருக்கிறது. அதன் பழைய நோட்டீஸ்களுக்கும் இதே கதி.

இதற்கிடையே உலகம் வேறு பாதையில் போயிருந்தது. 1991இல் வந்த யுனிகோட், இந்திய அரசின் இஸ்கி குறிமுறையைப் பார்த்துத் தமிழுக்கு 128 கட்டங்கள் ஒதுக்கியது. அது ஒலியின் வரிசை: ள முதலில், ை பிறகு. கம்பளைக்கு அதிலும் ஆறு குறிகள்தான், பாமினியிலும் ஆறு தட்டுதான். கடைசி இரண்டும் இடம் மாறி நிற்கின்றன, அவ்வளவே. 1999இல் தமிழ்நாடு, உயிரை இடது கைக்கும் மெய்யை வலது கைக்கும் பிரித்துத் தமிழ்99 என்று புதிதாக அடுக்கியது. அறிவுக்குப் பொருத்தமான அடுக்கு, நானே பாவிக்கிறேன். இலங்கையோ 2008இல் எஸ்எல்எஸ் 1326 என்று தரம் வகுத்தபோது, தட்டச்சு வழிவந்த ரெங்கநாதன் விசைப்பலகையை எடுத்துக்கொண்டது. பிற்போக்கு என்று அப்போது திட்டினேன். இப்போது திட்ட மாட்டேன். யளனக பழகிய விரல்களிடம் போய், மறந்துவிட்டு முதலிலிருந்து வாருங்கள் என்று சொல்ல ஓர் அரசாங்கத்துக்குக் கொஞ்சமாவது கூச்சம் இருக்க வேண்டும்.

"விண்டோஸ் 2000இலேயே லதா என்ற யுனிகோட் எழுத்துரு வந்துவிட்டதே நானா, ஏன் மாறவில்லை?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் பேஜ்மேக்கரைத் திறந்து காட்டினார். பதிப்பு 7, 2001. அதற்குப் பிறகு புதிய பதிப்பே வரவில்லை. யுனிகோட் தமிழை அது சாகும்வரை படிக்கவில்லை. படம் வெட்டும் மென்பொருள்களும் கொம்பைச் சரியான பக்கத்தில் மாட்டப் பல காலம் எடுத்தன. கலியாணக் கார்டைப் பின்னேரம் நாலு மணிக்குள் கொடுக்க வேண்டியவர், கொம்பு முறியாத எழுத்துருவோடுதான் நிற்பார். சோம்பல் என்று நான் நினைத்தது தொழில் தர்மம்.

எனக்குக் கோபம் வருகிற இடம் வேறு. நானாவின் வன்தட்டில் 2001 முதல் இருபது வருடத்து நோட்டீஸ்கள்: திருவிழா, கருமாதி, தோட்டப் பாடசாலைப் பரிசளிப்பு, ஜும்ஆ பள்ளி அறிவித்தல், சங்கக் கூட்டம். இந்த மலைகளில் யார் இருந்தார்கள், எதற்குக் கூடினார்கள் என்பது அங்கே தூய தமிழில் கிடக்கிறது. தேடுபொறிக்கும் கற்கும் இயந்திரத்துக்கும் அது எஃப், கே, அரைப்புள்ளி. குப்பை. இணையத்தில் தமிழ் போதவில்லை என்று செய்தியில் அலுத்துக்கொள்கிறார்களே, அவர்கள் ஒரு முறை இந்தக் கடைக்கு வரலாம். தமிழ் அடித்துத்தான் வைத்திருக்கிறோம், வேடத்தில்.

ஆகவே மாற்றுவதென்று உட்கார்ந்தேன். சுரதா யாழ்வாணனின் எழுத்துமாற்றி போல நம் ஆட்கள் செய்து தந்த கருவிகள் இருக்கின்றன, பல வருடமாக. நான் பிடிவாதக்காரன், சொந்தமாக ஒரு சிறு நிரல் எழுதினேன். ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் ஒரு தமிழ்க் குறி, கொம்பு எல்லாம் அடுத்த மெய்யைத் தாண்டிப் பின்னால் குதிக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் கம்பளை கம்பளையாகவே வந்தது. செயலிக்கு ஊட்டினேன், தேர் என்ன திகதி, தீர்த்தம் எத்தனை மணி, எல்லாம் சரியாகச் சொன்னது. அச்செடுத்துக்கொண்டு ஓட்டமாகக் கடைக்குப் போனேன்.

நானா சிவப்புப் பேனையை எடுத்தார். பிரதம விருந்தினர் வரியில் வட்டம் போட்டார். 'கெளரவ' என்று இருந்தது.

ஔகாரத்தின் பின்பாதிக்குப் பாமினியில் தனி விசை இல்லை, ளகரத்தையே அடிப்பார்கள். கண்ணுக்கு ஒன்றுதான். என் நிரலுக்கு அது கெ, பிறகு ள. கௌரவ, கௌரி, சௌந்தரம், மௌலவி, எல்லாரும் பெயர் முறிந்து நின்றார்கள். அத்தனை நோட்டீஸிலும் யாராவது ஒரு கௌரவ பாராளுமன்ற உறுப்பினர் இல்லாமல் இல்லை. "கெ-வுக்குப் பின்னால் ள வந்தால் கௌ என்று விதி போட்டுவிடலாம்" என்றேன்.

"அப்ப கெளிறு மீன்?" என்றார் நானா.

நான் விழித்துக்கொண்டு நின்றபோது பெண்ணொருத்தி பிள்ளையோடு கடைக்குள் வந்தாள். பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ், ஐம்பது போதும், நாளைக்கு வேண்டும். நானா கண்ணாடியை இறக்கிக்கொண்டு பேஜ்மேக்கர் பக்கம் திரும்பினார். "இடம் எங்க மகள்?" என்று கேட்டார். அவள் சொல்லி முடிக்குமுன்பே ஆறு தட்டு விழுந்தது.