முடிச்சு விழுந்த இடத்தில் நிறுத்து

பூ கட்டப் பழக வருபவன் கையில் முதலில் நாரைத்தான் கொடுப்பார்கள். வாழைநாரை நனைத்து, ஈரத்துணியில் சுற்றி, மெல்லிய இழையாகக் கிழிக்க வேண்டும். காய்ந்த நார் அறுந்துபோகும்.

திருத்தணி மலையடிவாரத்தில் ஓர் அக்காவின் பூக்கடையில் அப்படித்தான் தொடங்கினேன். அதுவரை என் இரவுகள் செல்போன் ஆட்டத்தில் கழிந்தன. நூறு பேர் ஒரு தீவில் குதித்து, கடைசிவரை மிஞ்சுபவர் ஜெயிக்கும் ஆட்டம். விடியும்வரை ஆடிவிட்டுப் பகலில் தூங்குவேன். கடைக்கு வந்தது சம்பளத்துக்காக. ஆட்டத்தைக் குறைக்கும் வழியையும் அங்கேதான் கற்றேன்.

இடக்கை விரல்களுக்கு நடுவே இந்தப் பக்கம் இரண்டு மல்லி, அந்தப் பக்கம் இரண்டு. காம்புகளைச் சேர்த்துப் பிடித்து, வலக்கையால் நாரைச் சுழற்றி இறுக்க வேண்டும். மிஞ்சி இறுக்கினால் காம்பு ஒடியும். தளர்ந்தால் தலையில் வைக்கும்போதே உதிரும். "கண்ணால கட்டாத தம்பி, விரலால கட்டு" என்பார் அக்கா. நகரி, புத்தூர்ப் பக்கத்திலிருந்து வருபவர்கள் "மூர எந்த?" என்று தெலுங்கில் முழத்துக்கு விலை கேட்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லும்போதும் விரல் நிற்கக் கூடாது.

இரண்டு கையும் ஈரமாக இருக்கும்போது செல்போனைத் தொட முடியாது. ஆட வேண்டும் என்ற தவிப்பு வரும்; சில நிமிடங்கள் படுத்தும்; எட்டாத இடத்தில் செல்போன் இருந்தால் தானாகவே அடங்கும். இது தெரிந்தபின் வீட்டில் செல்போனைச் சமையலறையில் சார்ஜ் போட்டேன். காலையில் எழுப்புவதற்கு அலாரம் கடிகாரம் வாங்கினேன்.

சரத்தை நினைத்த இடத்தில் விட முடியாது. முடிச்சு விழுந்த இடத்தில்தான் நிறுத்தலாம்; பாதியில் விட்டால் கட்டியது அவிழும். ஆட்டமும் அப்படித்தான். 'இன்னும் பத்து நிமிடம்' என்ற கெடு என்னிடம் ஒருநாளும் நின்றதில்லை. ஒரு சுற்று அரை மணி வரை இழுக்கும், நடுவில் நிறுத்தி வைக்க வழியில்லை, விலகினால் கூட ஆடும் மூவரும் தவிப்பார்கள். அதனால் நிமிடத்தை விட்டுச் சுற்றை எண்ணினேன். "இன்னிக்கு ரெண்டு சுத்துதான்" என்று தொடங்கும் முன்பே அவர்களிடம் சொல்லிவிடுவேன். நாலு பேருக்குத் தெரிந்த கணக்கை மீறுவது கடினம். தினப் பரிசு, சீசன் முடிவு என்று கூப்பிடும் அறிவிப்புகளை அணைத்தேன். ஆசையைவிட, எதையோ தவறவிடுகிறோம் என்ற பயம்தான் என்னை அதிகம் உட்கார வைத்தது.

2025 பிப்ரவரியில் தமிழக அரசு, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆடத் தடை விதித்தது. ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. நான் ஆடியதில் பணம் இல்லை, அந்த விதி என்னைக் கட்டவில்லை. ஆனாலும் அந்த ஐந்து மணி நேரத்தை எனக்கும் எல்லையாக வைத்தேன். பூமூட்டை வந்து இறங்குவதும் அந்த இருட்டில்தான். பகலில் மூன்று சுற்று ஆடுவதைவிட, தூக்கத்தைத் தின்னும் ஒரு சுற்று அதிகக் கெடுதல் என்பேன்.

ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடிகள் குவியும்போது செல்போன் நினைவே வராது. திருவிழா முடிந்த மறுநாள்தான் ஆபத்து. உடம்பு அசந்து, கை சும்மா இருக்கும். அந்த நாளுக்கென்றே முன்கூட்டி வேலை வைத்துக்கொள்கிறேன்: சம்பங்கி மாலை கோக்கப் பழகுவது, இல்லையென்றால் 365 படியும் ஏறி முருகனைப் பார்த்துவிட்டு இறங்குவது.

எல்லோருக்கும் இந்த வழிகள் போதாது. அதிகம் ஆடுவதையே உலக சுகாதார நிறுவனம் நோய் என்று சொல்லவில்லை. கட்டுப்பாடு கைநழுவி, மற்ற எல்லாவற்றையும் ஆட்டம் பின்னுக்குத் தள்ளி, கெடுதல் தெரிந்தும் பொதுவாக 12 மாதம் தொடர்ந்தால்தான் நோய் என்கிறது. அந்த நிலையில் இருப்பவர் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014 முதல் இதுபோன்ற பழக்கங்களுக்கென்றே தனி சிகிச்சைப் பிரிவு இருக்கிறது.

கூட ஆடுபவர்களில் ஒருவன் நேற்று கேட்டான், நாளைக்கு எத்தனை சுற்று என்று. நாளைக்குக் கிருத்திகை, ஆட்டம் இல்லை என்றேன்.