அஞ்சு கல், மூணு மீட்டர்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தரவு மையம். மூத்த எலக்ட்ரீஷியன் ரப்பர் பிடியைத் தரைக்கல்லில் அழுத்தி ஒரே மூச்சில் தூக்கினார். கீழே முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம். காங்கிரீட் தளத்தில் ஏசி எந்திரத்தைச் சுற்றி, சுண்டுவிரலைவிட மெல்லிய கேபிள் ஒன்று கிளிப்புகளில் படுத்திருந்தது. நீர்க்கசிவைக் கண்டுசொல்லும் அந்தக் கேபிளைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

"கம்ப்யூட்டர் ரூம்ல தண்ணி எங்கேர்ந்து வரும்னு கேப்பாங்க சார். ஏசி டிரெயின் பைப் அடைச்சா போதும். சத்தமே இல்லாம வந்துடும்" என்றார். அதே பள்ளத்தில்தான் மின்சாரக் கேபிள்களும் கிடக்கின்றன.

கேபிளுக்குள் நான்கு கம்பிகள். அவற்றில் இரண்டுக்கு மின்சாரம் கடத்தும் பாலிமர் உறை. தண்ணீர் பட்டால் அந்த இரண்டுக்கும் இடையே மின்சாரம் பாயும். அந்த இடம்வரை உள்ள மின்தடையை அளந்து, இத்தனையாவது மீட்டரில் ஈரம் என்று கேபிள் போய்ச் சேரும் பேனல் எண்ணில் காட்டும். ஒரு மீட்டருக்கு இத்தனை ஓம் என்ற கணக்கை நம்பித்தான் எல்லாம் நடக்கிறது. இணைப்பு தளர்ந்திருந்தால் அங்கே கூடுதல் தடை சேரும்; இடம் தவறிப்போகும்.

உதவிக்கு வந்த இளைஞன் கம்பியின் தோலைச் சீவி, நுனியில் ஃபெருல் என்ற சிறு உலோகக் குழலை மாட்டி, கிரிம்பிங் பிளேயரால் நசுக்கி, டெர்மினலில் செருகித் திருகினான்.

"இழுத்துப் பாத்தியா?"

"டைட்டா இருக்குண்ணே."

"இழுத்துப் பாரு தம்பி."

இழுத்தான். ஒரு கம்பி கையோடு வந்துவிட்டது. அண்ணன் திட்டவில்லை. புது ஃபெருல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அன்று நான் பார்த்ததில் என் மனதில் தங்கியது அந்தக் கை நீட்டல்தான்.

கேபிளின் கடைசி நுனியில் ஒரு சிறு மூடி மாட்டுகிறார்கள். அதற்குள் கம்பிகள் ஒன்றோடொன்று இணைந்து சுற்று முழுமையாகும். நடுவில் எங்காவது அறுந்தால் சுற்று முறிந்து, பேனல் அதையும் சொல்லிவிடும்.

பேனலிலிருந்து கட்டடக் கண்காணிப்பு அறைக்குப் போகும் அலாரம் வயரிலும் இதே கவலைதான். வேறொரு கட்டடத்தில் அந்த வயர், அலாரம் வந்தால் மட்டுமே மூடும் ரிலே முனையில் மாட்டப்பட்டிருந்ததாம். பிறகு வந்த ஆட்கள் தெரியாமல் அதை அறுத்துவிட்டார்கள். பேனல் சிவப்பாக எரிந்தது. கண்காணிப்பு அறையில் ஒரு தகவலும் இல்லை. இங்கே அண்ணன் ரிலேவை எப்போதும் மின்சாரம் பாய்ந்து இழுத்த நிலையில் வைத்து, அப்போது மூடியிருக்கும் முனையில் வயரைக் கொடுக்கிறார். வயர் அறுந்தாலும் மின்சாரம் போனாலும் அலாரம் அடிக்கும். வயர் அதேதான், மாறுவது ஒரு திருகாணியின் இடம். அந்த இடத்தைத் தெரிந்து வைத்திருப்பவருக்கு நாம் தரும் மரியாதை மிகக் குறைவு என்றே நினைக்கிறேன்.

கடைசி வேலை, வரைபடம். பேனல் 36 மீட்டர் என்று சொன்னால் இரவுப் பணியாளர் எந்தக் கல்லைத் தூக்குவது? ஒரு கல் 600 மில்லிமீட்டர் சதுரம். "அஞ்சு கல், மூணு மீட்டர்" என்று எண்ணிக்கொண்டே அண்ணன் நடந்தார். ஆனால் கேபிள் நேராகப் போவதில்லை. ஏசியைச் சுற்றுகிறது, தூணை வளைக்கிறது. கல்லை எண்ணினால் மட்டும் போதாது. அதனால் ஒவ்வொரு திருப்பத்திலும் கல்லைத் திறந்து, குழாய்த் தண்ணீரில் நனைத்த துணியைக் கேபிள்மீது வைக்கிறார்கள். காய்ச்சி வடித்த நீர் இதற்கு உதவாது; அதில் மின்சாரம் சரியாகப் பாயாது.

தம்பி துணியை வைத்தான். சில நொடிகளில் பஸ்ஸர் அலறியது.

"எவ்ளோ?"

"முப்பத்தாறுண்ணே!"

அண்ணன் பென்சிலால் வரைபடத்தில் புள்ளி வைத்து, '36 – மூன்றாவது ஏசி, பின்பக்கம்' என்று எழுதினார். தம்பி கேபிளைத் துடைத்தான். பேனலில் பச்சை விளக்கு திரும்ப எரியும்வரை இருவரும் குந்தியபடியே காத்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் கல்லை மூடினார்கள்.