அசுரனும் நானும்

"இந்தா, கீழ் வீட்டம்மா வந்திருக்காங்க. ராத்திரி ஒன்பது மணிக்கு நம்ம வீட்டிலே என்னத்தை இடிக்கிறோம்னு கேக்கறாங்க" என்று என் வீட்டுக்காரர் வாசலிலிருந்து குரல் கொடுத்தார்.

நான் என்ன பதில் சொல்வேன்? மாவு இடிக்கவில்லை, மிளகாய் இடிக்கவில்லை; ஐம்பத்தெட்டு வயதில், பேரன் விட்டுப்போன ஜப்பான் முரசை, டெலிவிஷனில் ஓடி வரும் சிவப்புப் புள்ளியைப் பார்த்துத் தட்டிக் கொண்டிருக்கிறேன் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? "சுக்குத் தட்டினேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மறுநாள் காலையில் அந்த அம்மாள், "கொஞ்சம் சுக்குப்பொடி குடுங்க மதினி" என்று டம்ளரோடு வந்து நின்றதும், நான் அவசரமாகக் கடைக்கு ஆள் அனுப்பிச் சுக்கு வாங்கி நிஜமாகவே இடித்ததும் தனிக் கதை.

இந்த முரசு எங்கள் வீட்டுக்கு வந்தது 2024 தீபாவளிக்கு. சிங்கப்பூரில் இருக்கும் மகன் குடும்பத்தோடு வந்தான். சென்னையில் சம்பந்தி வீட்டில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் நேராகப் போடிக்கே வந்து சேர்ந்தார்கள். எங்கள் ஊருக்கு ரயில் என்பது சாமானிய சமாசாரமில்லை. 2010 கடைசியில் சின்ன லைனைப் பெயர்க்க ஆரம்பித்து, 2023 ஜூன் மாதத்தில்தான் மறுபடி வண்டி வந்தது. அதனால் ரயிலில் வருகிறவர்களை நாங்கள் இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியாகவே உபசரிக்கிறோம்.

பேரனுக்கு ஒன்பது வயது. பெட்டியைத் திறந்து, ஒரு சின்ன யந்திரத்தை டெலிவிஷனோடு இணைத்து, சுளகு அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் முரசைக் கூடத்தில் வைத்து, இரண்டு குச்சிகளை எடுத்துக் கொண்டு உட்கார்ந்தான். பாட்டு கிளம்பியது. திரையில் வலது பக்கத்திலிருந்து சிவப்பும் நீலமுமாக வட்டங்கள் வரிசையாய் ஓடி வந்தன. இடது பக்கத்தில் ஒரு வளையம். வட்டம் வளையத்துக்குள் வரும் அந்தக் கணத்தில் தட்ட வேண்டும். சிவப்பு வந்தால் முரசின் நடுவே. நீலம் வந்தால் விளிம்பில். அவ்வளவுதான் விளையாட்டு.

"நடுவிலே அடிச்சா டான். ஓரத்திலே அடிச்சா கா. அப்பத்தா, நீங்களும் வாங்க" என்றான்.

"டான்! கா!" என்று அவன் வாயால் சொன்னதும் எனக்கு உடம்பு ஒரு கணம் சிலிர்த்தது. காரணத்தைச் சொல்கிறேன்.

என் ஐயா மிருதங்கக்காரர். கச்சேரி மேடை வித்துவான் அல்ல; சங்கரதாஸ் சுவாமிகள் வழி வந்த நாடகங்களுக்கு வாசிக்கிறவர். பங்குனி, சித்திரை வந்துவிட்டால் விடிய விடிய வள்ளி திருமணம்தான். வாய்ப்பாட்டு, ஹார்மோனியம், மிருதங்கம். விடிந்ததும் ஐயா வீட்டுக்கு வந்து விரலில் நல்லெண்ணெய் தடவிக் கொண்டு படுப்பார். சாயங்காலம் அண்ணனை எதிரில் உட்கார வைத்துப் பாடம். தா, தீ, தொம், நம். முதலில் வாயால் சொல்ல வேண்டும், பிறகுதான் தோலில் கை வைக்கலாம். நான் அடுப்படியில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்பேன். அண்ணன் தவறுகிற இடம் எனக்கு முன்கூட்டியே தெரியும். அரிசி களையும்போது தகதிமி, அம்மி அரைக்கும்போது தகிட. ஒரு நாள் யாரும் இல்லாத வேளையில் மிருதங்கத்தின் உறையை அவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். ஐயா வாசலில் நின்றிருந்தார். திட்டவில்லை. உறையைப் போட்டு மூடி, பரண்மேல் தூக்கி வைத்துவிட்டார். அண்ணன் இரண்டு வருஷத்தில் பாடத்தை விட்டுவிட்டு மலையில் ஏலக்காய் எஸ்டேட் வேலைக்குப் போய்விட்டான்.

ஆகையால், லீவு முடிந்து பேரன் கிளம்பும்போது, "இதைத் தூக்கிக்கிட்டுப் போறது கஷ்டம், இங்கேயே இருக்கட்டும். அங்கே வேறே வாங்கிக்கலாம்" என்று மகன் சொன்னபோது நான் ஆக்ஷேபம் சொல்லவில்லை. உள்ளூர எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மருமகள் கவனித்திருப்பாள் என்றே நினைக்கிறேன்.

விளையாட்டின் பெயர் 'டைகோ நோ தட்சுஜின்'. முரசு மேதை என்று அர்த்தமாம். நாம்கோ என்ற ஜப்பான் கம்பெனி 2001-ல் விளையாட்டுக் கூடங்களில் பெரிய முரசாகவே இதை வைத்தது. அப்புறம் வீட்டுக்கு வந்தது. தாளத்துக்குத் தப்பாமல் பொத்தானைத் தட்டும் விளையாட்டுகளை ஜப்பான்காரர்கள் அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்கள். 1996-ல் ஒரு காகித நாய்க்குட்டி பாடும் விளையாட்டு, 1998-ல் காலால் மிதித்து ஆடும் விளையாட்டு என்று வரிசையாக வந்தன. 2005-ல் அமெரிக்காவில் பொம்மைக் கிதாரை வைத்துக் கொண்டு வீட்டுக்கு வீடு அமர்க்களம் செய்தார்களாம். இவ்வளவும் மகன் போனில் சொன்னது. அவனுக்கு என் கேள்விகள் வேடிக்கையாக இருந்தன.

இதில் நாலு படிகள். பூ, மூங்கில், மரம், கடைசியில் கொம்பு வைத்த அசுரன். பூ சுலபம், குழந்தைகளுக்கானது. ஒரு வாரத்தில் மூங்கிலும் வசப்பட்டது. 'லயம் நம் ரத்தத்தில் இருக்கிறது' என்று எனக்கு மண்டைக்கனம் ஏறிவிட்டது. மரத்துக்குப் போனேன். அங்கேதான் சறுக்கல்.

காதால் கேட்டுச் சரியாகத் தட்டுகிறேன். யந்திரம் 'தப்பு' என்கிறது. மறுபடி தட்டுகிறேன், மறுபடி தப்பு. இத்தனைக்கும் பாட்டோடு என் தட்டு அச்சாகச் சேர்ந்து விழுவது என் காதுக்கே தெரிகிறது. கண்ணால் மட்டும் பார்த்து விளையாடின பொடியன் இதே பாட்டில் தேறினான். எனக்குத் தேறவில்லை. பத்து நாள் இப்படி. ஒரு நாள் கோபத்தில் குச்சியை விட்டெறிந்ததில் வீட்டுக்காரரின் காபி டம்ளர் கவிழ்ந்தது. அன்றைக்கு ஏலக்காய் ஏலத்தில் விலை இறங்கியிருந்த நாள் வேறே. அவர் ஒன்றும் சொல்லாமல் துண்டை எடுத்துத் துடைத்தார். ஒன்றும் சொல்லாததுதான் எனக்குச் சுருக்கென்றது.

கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்தவன் அண்ணன் மகன். "அத்தை, இந்த ஸ்பீக்கர் புளூடூத்திலே ஓடுது. சத்தம் லேட்டா வரும்" என்றான்.

சத்தம் எப்படி லேட்டாக வரும்? கொட்டகுடி ஆற்றின் அக்கரையில் துணி துவைக்கிறவரைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். துணி கல்லில் விழுந்து, மறுபடி மேலே போன பிறகுதான் 'பட்' என்று கேட்கும். ஒலி செகண்டுக்கு 340 மீட்டர்தான் ஓடுகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் எங்கள் கூடத்தில் பத்தடிக்கு அது கணக்கிலேயே வராது. விஷயம் வேறே. கம்பியில்லாத ஸ்பீக்கர், சத்தத்தைச் சுருக்கி மூட்டை கட்டி அனுப்பி, அந்தப் பக்கம் மூட்டையைப் பிரித்துத் தருகிறது. இதற்குள் செகண்டில் பத்தில் ஒரு பங்கோ, இரண்டு பங்கோ போய்விடும். சினிமாப் பாட்டுக் கேட்பதற்கு அதனால் பாதகமில்லை. இங்கேயோ, நிமிஷத்துக்கு 150 தட்டு ஓடும் பாட்டில் ஒவ்வொரு தட்டையும் நாலாகப் பிரித்தால் செகண்டுக்குப் பத்து அடி. இரண்டு பங்கு தாமதம் என்றால் இரண்டு அடி பின்தங்கிவிட்டேன் என்று அர்த்தம்! காது சுத்தமாக இருந்ததுதான் நான் செய்த குற்றம்.

பையன் நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு ஒயர் வாங்கி வந்து மாட்டினான். டெலிவிஷனும் தன் பங்குக்குப் படத்தை மெருகேற்றுகிறேன் என்று தாமதம் செய்யுமாம். அதை நிறுத்த 'கேம் மோடு' என்று ஒன்றை அமுக்கினான். அன்றைக்கே மரத்தில் மூன்று பாட்டுத் தேறினேன். இதே மாதிரி வீட்டில் விளையாடுகிற சகோதரிகள் யாரேனும் இருந்தால், தங்களை நொந்து கொள்வதற்கு முன் ஒயரைப் பாருங்கள்.

அசுரன் விஷயம் அப்படியல்ல. அங்கே ஒயரைக் குறை சொல்ல முடியாது. வட்டங்கள் மழைக்கால ஈசல் மாதிரி கொத்துக் கொத்தாக வருகின்றன. சிவப்பு, சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம், நீலம் என்று கண் கணக்கெடுப்பதற்குள் அடுத்த கொத்து. மணிக்கட்டு வீங்கி, ஒரு வாரம் தைலம் தடவிக் கொண்டேன். சாம்பார் கலக்குவதற்கே கை வரவில்லை.

ஐயா எங்களோடுதான் இருக்கிறார். எண்பத்தாறு வயது. காது மந்தம். சாயங்காலம் வராந்தாவில் உட்கார்ந்து, போடிமெட்டு மலைப்பாதையில் லாரி விளக்குகள் வளைவு வளைவாக ஏறுவதைப் பார்த்துக் கொண்டிருப்பார். ஒரு நாள் கூடத்துக்குள் வந்து, நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக் கொண்டார். பாட்டு அவருக்குக் கேட்டிராது. திரையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

"செகப்புக்கு என்ன சொல்லு?" என்று கேட்டார்.

"டான், ஐயா."

"அது தொம். நீலம்?"

"கா."

"ஓரத்திலே தானே? நம்."

பிறகு ஒரு பாட்டு முழுவதும் பேசாமல் இருந்தார். நான் வழக்கம் போல் தோற்றேன்.

"புள்ளியை வெரட்டிக்கிட்டு ஓடறே, தாயி. வாயிலே சொல்லு இல்லே, கையிலே எப்படி வரும்? குச்சியைக் கீழே வை."

மூன்று நாள் நான் குச்சியைத் தொடவில்லை. ஐயா எதிரில் உட்கார்ந்து, தொடையில் தாளம் போட்டு, அந்தக் கொத்துகளை ஒவ்வொன்றாக வாயால் சொன்னேன். தொம் தொம் நம் தொம் நம் நம். நான் காலத்தை ஓட்டினால் விரலை உயர்த்துவார். அவருக்குக் காது கேட்காவிட்டாலும் என் உதட்டைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறார். அண்ணன் உட்கார்ந்திருந்த அதே இடம். மூன்றாம் நாள் நான் கேட்டேவிட்டேன்.

"அன்னிக்கு ஏன் ஐயா பரண்மேலே தூக்கி வச்சீங்க?"

கேட்கவில்லை போலிருக்கிறது என்று எண்ணி, உரக்க இன்னொரு தரம் கேட்டேன். "மொதல்லே கேட்டதே கேட்டுச்சு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பொம்பளைப் புள்ளை தோல் வாத்தியம் தட்டினா எவன் வந்து கட்டுவான்னு பயந்துட்டேன். உன் கை நல்ல கைன்னு தெரியும். தெரிஞ்சுதான் தூக்கி வச்சேன்" என்றார்.

எனக்குச் சண்டை போடத் தோன்றியது. புதுக்கோட்டைப் பக்கம் திருக்கோகர்ணத்தில் ரங்கநாயகி அம்மாள் என்று ஒருவர், தட்சிணாமூர்த்திப் பிள்ளையிடம் பாடம் கேட்டு, ஐயா பிறப்பதற்கு முன்பிருந்தே மிருதங்கம் வாசித்தவர். நான் சிறுமியாக இருந்த காலத்தில் சென்னையில் சுகன்யா ராம்கோபால் விநாயக்ராமிடம் கடம் கற்றுக் கொண்டிருந்தார். இதெல்லாம் நான் பிற்பாடு படித்துத் தெரிந்து கொண்டவை. ஐயாவுக்கு ஒருவேளை அப்போதே தெரிந்திருக்கலாம். கேட்கவில்லை. எண்பத்தாறு வயது மனிதர் தலையைக் குனிந்து கொண்டு உட்கார்ந்திருக்கும்போது என்ன கேட்பது? எழுந்து போய் அடுப்பில் பாலை வைத்தேன். கோபம் போகவில்லை, இன்றைக்கும் முழுதாகப் போகவில்லை. ஆனால் பால் பொங்குவதற்குள் நான் தொடையில் தொம் தொம் நம் போட்டுக் கொண்டுதான் நின்றேன்.

அன்று ராத்திரி அசுரனில் ஒரு பாட்டை எடுத்தேன். தேறுவதற்கு ஒரு பட்டை நிறைய வேண்டும். கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே நின்றுவிட்டது. தோல்விதான். ஆனால் கொத்துகள் பிரிந்து பிரிந்து தெரிந்தன. கை வலிக்கவில்லை.

"எந்திரி" என்றார் ஐயா.

குச்சி வேண்டாம் என்று தள்ளிவிட்டு, முரசை மடிக்கு அருகே இழுத்து, வெறுங்கையால் ஆரம்பித்தார். பூ படிதான் போட்டுக் கொடுத்தேன். ஓடி வரும் வட்டங்கள் அவருக்குப் போதவில்லை. இடைவெளியிலெல்லாம் சொந்தமாக நிரப்பி வாசித்தார். வட்டமில்லாத இடத்தில் தட்டினால் இந்த யந்திரம் கோபித்துக் கொள்வதில்லை. வட்டம் வரும்போது தட்டாவிட்டால்தான் கோபம். ஐயா அதையும் இரண்டொன்று விட்டுவிட்டு, பாட்டு முடிந்த பிறகும் ஒரு தீர்மானம் வைத்தார். திரையில் மதிப்பெண் மிகக் கேவலமாக வந்தது.

"என்ன சொல்லுது?"

"நீங்க தோத்துட்டீங்க, ஐயா."

"அதுக்கென்ன தெரியும்? மறுபடி போடு."

சிங்கப்பூரிலிருந்து மகன் கூப்பிட்டான். "என்னம்மா, அசுரனை ஜெயிச்சாச்சா?" என்றான்.

"இன்னும் இல்லேடா. அப்புறம் கூப்பிடு. தாத்தா விளையாடிக்கிட்டு இருக்காங்க, அடுத்தது என் முறை" என்று சொல்லிப் போனை வைத்தேன். கீழ் வீட்டிலிருந்து உத்தரத்தில் யாரோ கம்பால் தட்டினார்கள். சமத்தில் இல்லை, அரை அட்சரம் தள்ளி விழுந்தது.